அணைத்த வைஃபை மீண்டும் உயிர் பெறுவது ஏன்? ஸ்மார்ட்போன்களின் தானியங்கி இருப்பிட, இணைப்பு அமைப்புகள் இயங்கும் விதம்

புது தில்லி: ஸ்மார்ட்போன் திரையை மேலிருந்து கீழாக இழுத்து வைஃபை குறியைத் தொட்டதும் அதன் நிறம் மங்குகிறது. வைஃபை அணைந்துவிட்டது என்று பயனர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ அதே குறி மீண்டும் ஒளிர்வதைப் பலர் கண்டிருக்கக்கூடும். இது பழுதன்று, இயங்குதளங்களில் திட்டமிட்டே சேர்க்கப்பட்டுள்ள தானியங்கி ஏற்பாடு. வைஃபை, ப்ளூடூத், இருப்பிடம் ஆகிய மூன்றையும் எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பெருமளவு போனே முடிவு செய்கிறது. மின்கலத்தின் ஆயுள் மட்டுமின்றி, ஒருவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல் யாரிடம் செல்கிறது என்பதும் அந்த முடிவுகளைச் சார்ந்திருப்பதால், அவை எடுக்கப்படும் விதத்தை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஒரு தொடுதலில் அணைவது எது?

ஆப்பிள் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட ஐஓஎஸ் 11 பதிப்பில் கட்டுப்பாட்டு மையத்தின் வைஃபை, ப்ளூடூத் பொத்தான்களின் பொருளை மாற்றியது. அவற்றைத் தொட்டால், அப்போதுள்ள இணைப்பு மட்டுமே துண்டிக்கப்படும். ஏர்டிராப், ஆப்பிள் வாட்ச், இருப்பிடச் சேவைகள் போன்றவற்றுக்காக வைஃபை, ப்ளூடூத் அலைபரப்பிகள் தொடர்ந்து இயங்கும். உள்ளூர் நேரப்படி அதிகாலை 5 மணி ஆனாலோ, போனை அணைத்து மீண்டும் இயக்கினாலோ, துண்டிக்கப்பட்ட இணைப்புகள் தாமாகவே மீளும். வைஃபையைப் பொறுத்தவரை, பயனர் வேறோர் இடத்துக்குச் சென்றாலும் தானியங்கி இணைப்பு மீண்டும் தொடங்கும். வைஃபையை முழுமையாக நிறுத்த விரும்புவோர் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் சென்றே அணைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் நிலைமை சற்று வேறு. அங்கு மேல்திரைப் பொத்தான் வைஃபையை அணைக்கிறது. எனினும் 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பதிப்புடன் அறிமுகமான 'தானாக வைஃபையை இயக்கு' என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், வீடு, அலுவலகம் போன்று ஏற்கெனவே சேமிக்கப்பட்ட நெட்வொர்க்கின் அருகில் சென்றதும் வைஃபை மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆண்ட்ராய்டு 15 பதிப்பில், அணைக்கப்பட்ட ப்ளூடூத்தை மறுநாள் தானாக இயக்கும் தெரிவும் இடம்பெற்றுள்ளது.

வைஃபை அணைந்திருக்கும்போது, சேமித்த நெட்வொர்க் அருகில் இருப்பதைப் போன் எப்படி அறிகிறது என்ற கேள்வி இங்கே எழுகிறது. லொகேஷன் அமைப்புகளின் உட்பகுதியில் இருக்கும் 'வைஃபை ஸ்கேனிங்', 'ப்ளூடூத் ஸ்கேனிங்' என்ற இரு தெரிவுகளே அதற்கு விடை. இவை இயக்கத்தில் இருந்தால், வைஃபையும் ப்ளூடூத்தும் அணைக்கப்பட்ட நிலையிலும் சுற்றியுள்ள சமிக்ஞைகளைப் போன் அவ்வப்போது தேடிக்கொண்டிருக்கும். இணையத்துடன் இணைவது வேறு, சுற்றுப்புறத்தைத் தேடுவது வேறு. மேல்திரைப் பொத்தான் முதலாவதை மட்டுமே நிறுத்துகிறது.

இருப்பிடத்துக்கும் வைஃபைக்கும் என்ன தொடர்பு?

இருப்பிடம் என்றதும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களே நினைவுக்கு வருகின்றன. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அந்தச் செயற்கைக்கோள்கள் நேரக் குறிப்புடன் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு போன் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இதில் போன் கேட்கும் வேலையை மட்டுமே செய்கிறது. செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. எனவே ஜிபிஎஸ் இயங்குவதால் மட்டும் ஒருவரின் இருப்பிடம் பிறருக்குத் தெரிந்துவிடாது. கணக்கிடப்பட்ட விடையைச் செயலிகள் இணையம் வழியாக அனுப்பும்போதுதான் அது வெளியே செல்கிறது.

திறந்தவெளியில் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தைத் தருகிறது. கட்டடங்களுக்குள் அதன் சமிக்ஞை வலுவிழந்துவிடும். மேலும், நீண்ட நேரம் அணைந்திருந்த கருவி, எல்லாச் செயற்கைக்கோள்களின் பாதை அட்டவணையையும் விண்ணிலிருந்தே பெறுவதற்கு 12.5 நிமிடங்கள் ஆகும். அந்தத் தகவலை மொபைல் நெட்வொர்க் வழியாக விரைவாகப் பெற்றுக்கொள்ளும் முறையே 'ஏ-ஜிபிஎஸ்' எனப்படுகிறது.

இந்தியாவின் நாவிக் அமைப்பும் இதே அடிப்படையில் செயல்படுகிறது. இதற்கான முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ஆம் தேதி ஏவப்பட்டது. 2023 மே 29-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளில், பெரும்பாலான போன்களும் கைக்கடிகாரங்களும் பயன்படுத்தும் எல்1 அலைவரிசை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

வானம் தெரியாத இடங்களில் வைஃபை கைகொடுக்கிறது. ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்தத் தெருவில் கேட்கிறது என்ற பெரும் தரவுத்தளத்தைக் கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் வைத்துள்ளன. அருகில் உள்ள கருவிகளின் எண்களை அந்தத் தரவுத்தளத்துடன் ஒப்பிட்டால், எந்த நெட்வொர்க்குடனும் இணையாமலேயே இருப்பிடம் கிடைத்துவிடும். வைஃபை கிடைக்கும் பகுதியில் இதன் துல்லியம் பொதுவாக 20 முதல் 50 மீட்டர் வரை இருக்கும். வைஃபை இல்லாத ஊரகப் பகுதியில் செல்போன் கோபுரங்களை மட்டும் நம்பினால், பிழை சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை செல்லக்கூடும்.

எல்லாவற்றையும் அணைத்தாலும் ஒன்று எஞ்சுகிறது. சிம் அட்டை இயங்கும் வரை, எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் போன் இருக்கிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரிந்தே இருக்கும். அழைப்பைச் சரியான போனுக்குச் சேர்க்க அத்தகவல் தேவை. லொகேஷன் பொத்தானுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மின்கலத்தைக் காக்கும் 'வேலி'

வரைபடச் செயலியில் வழி பார்க்கும்போது செயற்கைக்கோள் சமிக்ஞைகளைத் தொடர்ச்சியாகப் பெறுவது, திரை, இணையத் தரவு ஆகிய மூன்றும் சேர்ந்து மின்கலத்தைக் கரைக்கின்றன. நாள் முழுவதும் அவ்வாறு இயங்கினால் எந்த மின்கலமும் தாங்காது. எனவே, 'வீட்டுக்கு வந்ததும் நினைவூட்டு' போன்ற வேலைகளுக்கு இயங்குதளங்கள் வேறு வழியைக் கையாள்கின்றன. வரைபடத்தில் ஓர் இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வட்டம் வரையப்படுகிறது. இதனை 'ஜியோஃபென்ஸ்', அதாவது புவி வேலி என்கின்றனர். வைஃபை, கோபுரச் சமிக்ஞைகளில் மாற்றம் தெரிந்தால் மட்டுமே போன் விழித்துக்கொண்டு, வட்டத்துக்குள் நுழைந்தோமா, வெளியேறினோமா என்று சரிபார்க்கிறது.

இந்த வட்டத்தின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் வரை இருக்க வேண்டும் என்று கூகுள் தனது வழிகாட்டலில் பரிந்துரைக்கிறது. அறிவிப்பு பொதுவாக இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள் வந்துவிடும். போன் வெகுநேரம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்திருந்தால் ஆறு நிமிடங்கள் வரை தாமதமாகலாம். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி 100 வேலிகள் வரையிலும், ஐபோனில் 20 வேலிகள் வரையிலும் அமைக்க முடியும். வீட்டு வாசலில் கால் வைத்த கணமே போன் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவதற்கு இத்தாமதமே காரணம்.

பின்னணியில் இயங்கும் செயலிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆண்ட்ராய்டு 8 முதல், அவை ஒரு மணி நேரத்தில் சில முறை மட்டுமே இருப்பிடத்தைப் பெற முடியும். ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிச் செயலிகள் அனைத்தும் சேர்ந்து 30 நிமிடங்களுக்கு ஒரு முறை மட்டுமே வைஃபை தேடலை நடத்தலாம்.

செயலிகளிடமிருந்து பறிபோன அதிகாரம்

ஒரு காலத்தில், 'வீட்டை விட்டு வெளியேறினால் வைஃபையை அணை' என்ற விதியை எழுதிவைக்க டாஸ்கர், மேக்ரோடிராய்டு போன்ற தனிச் செயலிகளைத் தொழில்நுட்ப ஆர்வலர்கள் நம்பியிருந்தனர். 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதல், அப்பதிப்புக்கென உருவாக்கப்படும் சாதாரணச் செயலிகள் வைஃபையைத் தாமாக இயக்கவோ அணைக்கவோ முடியாது. ஆண்ட்ராய்டு 13 பதிப்பில் ப்ளூடூத்துக்கும் இதே கட்டுப்பாடு வந்தது. ஏதோ ஒரு செயலி பயனருக்குத் தெரியாமல் அலைபரப்பிகளை இயக்குவதைத் தடுப்பதில் இது உதவுகிறது. அதே வேளையில், விதிகளை எழுதும் அதிகாரம் போன் தயாரிப்பாளர்களின் கைக்கு மாறியது.

அவர்கள் தரும் வசதிகளே இன்று பெரும்பாலோருக்கு எஞ்சியுள்ள வழி. சாம்சங் நிறுவனம் 2019-இல் கேலக்ஸி எஸ்10 போனுடன் அறிமுகப்படுத்திய 'ரொட்டீன்ஸ்' வசதியும், அதே ஆண்டு ஐஓஎஸ் 13 பதிப்பில் 'ஷார்ட்கட்ஸ்' செயலிக்குள் வந்த 'ஆட்டோமேஷன்' பகுதியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இடம், நேரம், மின்னேற்றம், குறிப்பிட்ட வைஃபை அல்லது ப்ளூடூத் கருவியுடன் இணைதல் ஆகியவற்றில் ஒன்றைத் தூண்டுகோலாகக் கொண்டு பிற அமைப்புகளை மாற்ற முடியும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சில ஆண்ட்ராய்டு போன்களில், 'அலுவலகத்தை விட்டு வெளியேறியதும் லொகேஷனை அணை. திரும்பியதும் இயக்கு' என்று விதி அமைக்க முடியும். முதல் பாதி சரியாக நடக்கும். ஆனால் இருப்பிடம் அணைந்தபின், அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டதைப் போன் உணர வழியில்லை. ஆகவே இரண்டாம் பாதி நடக்காது. இத்தகைய விதிகளுக்கு இடத்தைவிட நேரத்தையோ, மின்னேற்றியில் செருகுவதையோ, காரின் ப்ளூடூத் இணைவதையோ தூண்டுகோலாக வைப்பதே பொருத்தமானது. அவற்றுக்கு இருப்பிடத் தகவலே தேவையில்லை. மின்கலச் செலவும் குறைவு. ஐபோனின் 'ஷார்ட்கட்ஸ்' வழியாக வைஃபை, ப்ளூடூத், மொபைல் டேட்டா ஆகியவற்றை மாற்றலாம். இருப்பிடச் சேவையை முழுமையாக அணைக்க அதில் கட்டளை இல்லை.

தானாக இணைவதில் உள்ள ஆபத்து

ரெயில்டெல் நிறுவனம் நாடு முழுவதும் 6,100-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் வைஃபை சேவை அளிக்கிறது. சிறு கடைகள் வழியாகப் பொது வைஃபையைப் பரப்பும் பிஎம்-வாணி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பர் 9-ஆம் தேதி ஒப்புதல் வழங்கியது. பொது வைஃபை பெருகப் பெருக, தானியங்கி இணைப்பின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டியுள்ளது.

கடவுச்சொல் இல்லாத திறந்த நெட்வொர்க் ஒன்றை ஒருமுறை பயன்படுத்தினால், போன் அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பெயர் தென்பட்டால் தானாக இணைய முயல்கிறது. பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், மோசடிக்காரர் அதே பெயரில் போலி நெட்வொர்க்கை உருவாக்கினால், போன் சட்டைப்பையில் இருந்தபடியே அதனுடன் இணைந்துவிடக்கூடும். உள்நாட்டு விமானங்களிலும் விமான நிலையங்களிலும் இத்தகைய போலி வைஃபையை அமைத்துப் பயணிகளின் உள்நுழைவு விவரங்களைக் கவர்ந்ததாக ஒருவர் மீது ஆஸ்திரேலிய மத்திய காவல் துறை 2024-ஆம் ஆண்டு குற்றச்சாட்டு பதிவு செய்தது.

வங்கிச் செயலிகளும் பெரும்பாலான இணையதளங்களும் தகவலை மறையாக்கம் செய்தே அனுப்புவதால், போலி நெட்வொர்க்கில் இணைந்த மாத்திரத்தில் பணம் போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் உள்நுழைவுப் பக்கம் போன்று தோன்றும் போலிப் பக்கத்தில் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால் அந்தப் பாதுகாப்பு பயன்படாது.

ப்ளூடூத்தும் விதிவிலக்கல்ல. 2017 செப்டம்பரில் ஆர்மிஸ் நிறுவனம் வெளியிட்ட 'ப்ளூபோர்ன்' என்ற எட்டுக் குறைபாடுகளின் தொகுப்பு, இணைப்புக்கு ஒப்புதல் தராமலேயே கருவிகளைத் தாக்க முடியும் என்பதைக் காட்டியது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மூலம் அவை சரிசெய்யப்பட்டன. புதுப்பிப்பு நின்றுபோன பழைய போன்களை வைத்திருப்பவர்கள், தேவையற்ற நேரத்தில் ப்ளூடூத்தை அணைத்துவைப்பது இன்றும் பொருளுள்ள பழக்கமே.

கடைகளும் வணிக வளாகங்களும் போனின் மேக் முகவரியைக் கொண்டு வாடிக்கையாளரைப் பின்தொடர்வதைக் கடினமாக்க, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வெவ்வேறு தற்காலிக முகவரியைக் காட்டும் முறை ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 பதிப்புகள் முதல் இயல்பாகவே இயங்குகிறது. பயனர் எதுவும் செய்யாமலேயே அவருக்குச் சாதகமாக அமைந்த தானியங்கி ஏற்பாடு இது.

அனுமதி: ஒருமுறையா, எப்போதுமா?

இருப்பிடத்தை முழுமையாக அணைப்பதைவிட, யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்று வரையறுப்பதே கூடுதல் பயன் தரும். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தெரிவையும், ஐஓஎஸ் 13 'ஒருமுறை மட்டும்' என்ற தெரிவையும் கொண்டுவந்தன. 2020-இல் ஐஓஎஸ் 14 பதிப்பும் 2021-இல் ஆண்ட்ராய்டு 12 பதிப்பும் துல்லிய இருப்பிடத்துக்குப் பதிலாகத் தோராயமான பகுதியை மட்டும் தரும் வசதியைச் சேர்த்தன. வாடகைக் கார் செயலிக்குத் துல்லியம் தேவை. வானிலைச் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும். ஒளிவிளக்குச் செயலிக்கு எதுவுமே தேவையில்லை. பல மாதங்கள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளைத் தானாகவே திரும்பப் பெறும் வசதி ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ளது.

இந்தியப் பயனர்கள் அடிக்கடி எதிர்கொள்வது யுபிஐ செயலிகளின் இருப்பிடக் கோரிக்கையை. இது தொடர்பாக இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2022-ஆம் ஆண்டு சுற்றறிக்கை அனுப்பியது. இருப்பிடத்தைப் பயனரின் ஒப்புதலுடனேயே பெற வேண்டும். அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலும் யுபிஐ சேவை தொடர வேண்டும் என்று அது செயலி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

போனில் ஒரு பொத்தானை அணைப்பதும் நிறுவனத்தின் சேமிப்பை நிறுத்துவதும் ஒன்றல்ல என்பதற்கு 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நடத்திய விசாரணை சான்றாக உள்ளது. 'லொகேஷன் ஹிஸ்டரி' அணைக்கப்பட்ட பின்னரும், 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற வேறொரு தெரிவின் வழியாகக் கூகுள் இருப்பிடத்தைச் சேமித்தது அதில் தெரியவந்தது. இதன் தொடர்ச்சியாக, 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

அணைத்துவிட்டால் இழப்பது என்ன?

எல்லாவற்றையும் அணைப்பதே பாதுகாப்பு என்பதும் சரியன்று. தொலைந்த போனைக் கண்டறிய இருப்பிடம் தேவை. 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 பதிப்புடன் வந்த திருட்டுத் தடுப்பு வசதி, வீடு, அலுவலகம் போன்ற வழக்கமான இடங்களுக்கு வெளியே போன் இருந்தால், கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணி நேரக் காத்திருப்பை விதிக்கிறது. வழக்கமான இடம் எது என்று அறியாத போனால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது.

அவசர உதவியிலும் இருப்பிடத்துக்குப் பங்குண்டு. மத்திய அரசு 2016-இல் வகுத்த விதிகள், 2017 ஜனவரி 1 முதல் விற்பனையாகும் போன்களில் அவசரப் பொத்தானையும், 2018 ஜனவரி 1 முதல் செயற்கைக்கோள் வழி இருப்பிட வசதியையும் கட்டாயமாக்கின. ஸ்மார்ட்போன்களில் பவர் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்துவது அவசர அழைப்புக்கான வழியாக வரையறுக்கப்பட்டது. 112 என்ற ஒருங்கிணைந்த அவசர எண் 2018 நவம்பரில் முதலாவதாக இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கப்பட்டது. ஆண்ட்ராய்டின் அவசர இருப்பிடச் சேவை நடைமுறையில் உள்ள நாடுகளில், இருப்பிடம் அணைந்திருந்தாலும் அவசர அழைப்பின்போது போன் அதைக் கணக்கிட்டு மீட்புத் துறைக்கு அனுப்புகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உயிர் காக்கும் தருணத்தில் தானாக இயங்குவது வேறு. எந்நேரமும் அணைக்க முடியாதபடி இயங்குவது வேறு. ஏ-ஜிபிஎஸ் வசதியை எப்போதும் இயக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தரப்பிலிருந்து முன்வைக்கப்பட்ட யோசனை 2025 டிசம்பரில் விவாதமானது. போன் தயாரிப்பாளர்கள் தரப்பு அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது.

இருப்பிடமும் அந்தரங்கத்தின் ஒரு பகுதியே என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே அணுகியுள்ளது. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற நைஜீரிய நாட்டவர், கூகுள் மேப்ஸில் தமது இருப்பிடத்தை விசாரணை அதிகாரி காணும்படி வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலை 8-ஆம் தேதி நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரின் ஒவ்வோர் அசைவையும் காவல் துறை இடைவிடாது கண்காணிக்க வழிசெய்யும் ஜாமீன் நிபந்தனை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் அந்தரங்க உரிமைக்கு முரணானது என்று அமர்வு தீர்ப்பளித்தது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன.

பயனர்கள் செய்ய வேண்டியவை

போன் தயாரிப்புக்கு ஏற்ப மெனுக்களின் பெயர் சற்று மாறுபடலாம். தேடல் பெட்டியில் 'லொகேஷன்' என்று தட்டச்சு செய்தால் பெரும்பாலானவற்றைக் கண்டறிய முடியும்.

1. ஆண்ட்ராய்டு போனில் 'செட்டிங்ஸ்', 'லொகேஷன்', 'லொகேஷன் சர்வீசஸ்' என்ற வரிசையில் சென்று, வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங் இரண்டும் தேவையா என்று முடிவு செய்யலாம். அணைத்தால், கட்டடங்களுக்குள் இருப்பிடத் துல்லியம் குறையக்கூடும்.

2. வைஃபை அமைப்புகளில் 'தானாக இயக்கு' என்ற தெரிவைத் தேடி, விருப்பப்படி மாற்றலாம்.

3. சேமிக்கப்பட்ட நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறந்து, விடுதி, விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற கடவுச்சொல் இல்லாதவற்றை நீக்கிவிடலாம். வீடு, அலுவலக நெட்வொர்க்குகளுக்கு மட்டும் தானியங்கி இணைப்பை வைத்திருப்பது நல்லது.

4. ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'லொகேஷன் சர்வீசஸ்' பகுதியில் 'எப்போதும்' என்ற அனுமதி பெற்றுள்ள செயலிகளைப் பார்த்து, பெரும்பாலானவற்றை 'பயன்படுத்தும்போது மட்டும்' என மாற்றலாம். ஆண்ட்ராய்டிலும் லொகேஷன் பகுதியிலேயே செயலிகளின் அனுமதிப் பட்டியல் உள்ளது.

5. ஊர் அளவில் தெரிந்தால் போதும் என்ற செயலிகளுக்குத் துல்லிய இருப்பிடத்தை அணைக்கலாம்.

6. கூகுள் கணக்கில் 'டைம்லைன்', 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' ஆகிய இரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

7. தானியங்கி விதி அமைப்பவர்கள், இயன்றவரை இடத்துக்குப் பதிலாக நேரத்தையோ, இணைப்பையோ, மின்னேற்றத்தையோ தூண்டுகோலாகத் தேர்வு செய்யலாம்.

8. தொலைந்த போனைக் கண்டறியும் வசதியை மட்டும் அணைக்காமல் வைத்திருப்பது பாதுகாப்பானது.

இவை அனைத்தையும் சரிபார்க்கப் பத்து நிமிடங்களே ஆகும். இயங்குதளத்தின் பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் புதிய தெரிவுகள் சேரக்கூடும் என்பதால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஒருமுறை இப்பட்டியலைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.